கப்பலா? பூங்காவா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்)

‘விடுமுறை’ என்னும் சொல்லுக்கு அகராதி ஒரு பொருள் சொல்லும். ஒவ்வொரு வீடும் வேறொரு பொருள் சொல்லும். மாதச் சம்பளக்காரர் வீட்டில் அது சம்பளத்தோடு கிடைக்கும் ஓய்வு. மாணவ மாணவியராகிய நமக்கு அது தேர்வு முடிந்த நிம்மதி. நாள்கூலி வாங்குவோர் வீட்டிலோ, விடுமுறை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை என்று பொருள். மழை பெய்தால் விடுமுறை. மணல் லாரி வராவிட்டால் விடுமுறை. மேஸ்திரிக்குக் காய்ச்சல் கண்டால் விடுமுறை. என் தந்தை ஒரு கொத்தனார். ஆகையால் “இன்னைக்கு லீவு” என்று சொல்லிக்கொண்டு அவர் திரும்பி வரும் நாளில் என் தாய் முதலில் பார்ப்பது அவர் முகத்தையன்று, அரிசி டின்னை.

அப்படிப்பட்ட வீட்டில், 2025 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ‘குடும்பத்தோடு விடுமுறைக்கு எங்கே போகலாம்?’ என்ற வினா எழுந்தது என்றால் அதை ஒரு வரலாற்று நிகழ்ச்சி என்றே சொல்லவேண்டும். அம்மா மூன்று ஆண்டுகளாகக் கட்டிவந்த ஏலச்சீட்டு முடிந்து அறுபதாயிரம் ரூபாய் கைக்கு வந்திருந்தது. பாதியைத் தம்பியின் மேற்படிப்புக்கென்று எடுத்து வைத்துவிட்டு, மீதி முப்பதாயிரத்தை அம்மா எங்கள் நடுவே வைத்தார். “கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாச்சு. ஒரு ராத்திரி வெளியூர்ல தங்கினதில்ல. இந்தப் பணத்துல எல்லாரும் ஒரு தடவ எங்கேயாவது போயிட்டு வரணும். எங்கேன்னு நீங்களே சொல்லுங்க” என்றார்.

எங்குமே போகாதவர்கள் நாங்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1985-இல் வண்டலூருக்கு வந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா எங்கள் முடிச்சூருக்கு அடுத்த வாசல் போன்றது. காணும் பொங்கலன்று புளிசாதப் பொட்டலத்தோடு போய், சிங்கத்தைப் பார்த்ததைவிடக் கூட்டத்தை அதிகம் பார்த்துத் திரும்பிய ஆண்டுகள் பல. தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றியதும் உண்டு. ஆனால் அவையெல்லாம் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடும் பயணங்கள்.

வினா எழுந்ததும் வீடு இரண்டு அணியாகப் பிரிந்தது. பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் தம்பி ‘தீம் பார்க்’ என்றான். எழுபத்தாறு வயதாகும் எங்கள் ஆயா ‘கப்பல்’ என்றார். நடுவர் பதவி எனக்கு வந்தது. எங்கள் குலத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆதலால் மின்கட்டணத்திலிருந்து மருந்துச்சீட்டு வரை எங்கள் வீட்டில் எதுவும் என் தீர்ப்புக்கு வராமல் போவதில்லை. ஒலிபெருக்கி இல்லை, சோடா இல்லை. ஆனாலும் ஒரு பட்டிமன்றம் நடந்துவிட்டது. அதில் பேசப்பட்டவற்றை நம் கல்லூரி நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பூங்கா அணி

தம்பி தன் வாதத்தைக் கைப்பேசியிலேயே வைத்திருந்தான். திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்காவின் படக்காட்சிகள் அவை. அங்குள்ள ஒரு ரோலர் கோஸ்டரில் தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கிறது. பயணிகளின் கால்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. “வண்டலூர் போயி கேளம்பாக்கம் ரோட்டைப் பிடிச்சா நேரா போயிடலாம்க்கா” என்று பாதையையும் அவனே வகுத்துவிட்டான்.

நடுவருக்குக் கொஞ்சம் இயற்பியல் தெரிந்திருந்தால் வாதம் சுவைக்கும். ரோலர் கோஸ்டர் வண்டிக்குப் பெரும்பாலும் இயந்திரம் கிடையாது. சங்கிலி ஒன்று அதை உச்சிக்கு இழுத்துச் சென்று விட்டுவிடும். அதன்பின் எல்லாம் புவியீர்ப்பின் வேலை. நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது என்று நாம் ஏட்டில் எழுதுவதை அங்கே வயிற்றில் உணர்கிறார்கள். முப்பது மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாக வைத்துக்கொண்டால், உராய்வைக் கழிக்காமல், அடிவாரத்தில் வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர். இதை நான் தாளில் போட்டுக் காட்டியதும் தம்பி தன் அணிக்கு நான் வந்துவிட்டதாக நினைத்துக் கைதட்டினான்.

இந்தக் கேளிக்கைக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவின் கோனி தீவில் 1884-இல் லமார்க்கஸ் தாம்சன் என்பவர் அமைத்த சறுக்கு ரயிலுக்குக் கட்டணம் ஐந்து சென்ட். வேகம் மணிக்கு ஆறு மைல். நம் ஊர் மிதிவண்டி அதை முந்திவிடும்! 1893-இல் சிகாகோ கண்காட்சியில் ஜார்ஜ் பெர்ரிஸ் 264 அடி உயரத்துக்கு ராட்டினம் நிறுத்தினார். 1955 ஜூலையில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. குழந்தைகள் மட்டும் குதிரை ராட்டினத்தில் சுற்ற, பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் நிலை மாறவேண்டும் என்று எண்ணியதே அதற்கு வித்து என்று வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார்.

நம் சென்னையில், தவணை முறையில் வீட்டுப் பொருள்களை விற்றுப் பெயர் பெற்ற வி.ஜி. பன்னீர்தாஸ் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பூங்கா அமைத்தார். அங்கே அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க முயலாத சென்னைக் குழந்தை அரிது. 1984-இல் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்னும் முப்பரிமாணப் படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன், 1995-இல் எங்கள் தாம்பரத்துக்கு அருகிலேயே கிஷ்கிந்தாவைத் திறந்தார்.

கிஷ்கிந்தா என்ற பெயரைக் கேட்டதும், அதுவரை சுவரில் சாய்ந்து பேசாமலிருந்த அப்பா வாய் திறந்தார். “அதோட மதில் சுவருக்குக் கல்லு சுமந்திருக்கேன். அப்போ எனக்குப் பத்தொன்பது வயசு. கொத்தனாருக்குக் கையாள்” என்றார். திறந்த பிறகு உள்ளே போய்ப் பார்க்கவில்லையா என்று தம்பி கேட்டான். “வேலை முடிஞ்சா வேற சைட்டுக்குப் போயிடுவோம்டா. கட்டினவன் எதுக்கு உள்ள போறான்?” என்றார். அதில் வருத்தமில்லை, குறையில்லை. பகல் முடிந்தால் இரவு வரும் என்பது போலச் சொன்னார். தம்பி கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டான்.

கப்பல் அணி

ஆயாவிடம் படக்காட்சி எதுவும் இல்லை. ஒரு கதைதான் இருந்தது. ஆயா பிறந்தது நாகப்பட்டினத்துக்கு அருகே ஒரு சிற்றூர். தாத்தாவுக்கு வாழ்க்கைப்பட்டு, செங்கல் சூளை வேலை தேடி இருவருமாகத் தாம்பரம் பக்கம் வந்தவர்கள். ஆயாவின் தந்தை போருக்கு முன்பே, இளைஞராக மலாயாவுக்குப் போய் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். போர் முடிந்து ஊருக்கு வந்து மணமுடித்து, மறுபடியும் போய், 1958-இல் ஒரேயடியாகத் திரும்பிவிட்டார். ஆயாவுக்கு அப்போது எட்டு வயது.

அவரைக் கொண்டுவந்தது எஸ்.எஸ். ரஜூலா. 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய கப்பல். நம் வட்டாரத்தில் மலாயாவில் உறவினர் உள்ள எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இந்தப் பெயரைச் சொல்வார்கள். அறை எடுத்துப் போனவர்கள் சிலர். மேல்தளத்தில் பாய் விரித்துப் போனவர்களே மிகப் பலர். ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். நாகையில் கப்பல் கரையை அணையாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படகிலிருந்து இறங்கிய தந்தையை ஆயாவுக்கு அடையாளம் தெரியவில்லையாம்.

ஆனால் ஆயாவின் மனத்தில் தங்கியது பெட்டியன்று. அவர் சொன்ன ஒரு செய்தி. “கொஞ்ச நேரத்துல கரை மறைஞ்சிடும் தாயி. அப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணி வட்டமா நிக்கும். நடுவுல நாமதான்.” இதைக் கேட்ட நாள் முதல், அந்த வட்டத்தின் நடுவே ஒரு முறை நிற்கவேண்டும் என்பது ஆயாவின் ஆசை. கடலுக்கு அருகே பிறந்தும் கரையிலிருந்து மட்டுமே கடலைப் பார்த்தவர் அவர். வாழ வந்த முடிச்சூரிலோ ஏரி உண்டு, கடல் இல்லை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இந்த ஆசையை அவர் எவரிடமும் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டேன். “யாரும் கேக்கலையே” என்றார்.

தமிழருக்குக் கப்பல் புதிதன்று. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டதைப் பள்ளியிலேயே படித்தோம். 1914 முதல், எழும்பூரில் புறப்பட்டு எங்கள் தாம்பரம் வழியாகத் தனுஷ்கோடி சென்ற ‘போட் மெயில்’ பயணிகள், அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அது நடந்தது. ரஜூலாவின் காலத்துக்குப் பின் எம்.வி. சிதம்பரம் சிங்கப்பூர் வழியில் ஓடியது. 1985 பிப்ரவரியில் அது தீப்பற்றியதோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் நின்றது. இவற்றில் ஏறியவர்களில் மிகப் பலர் பிழைக்கப் போனவர்கள், வாணிகம் செய்யப் போனவர்கள், உறவைத் தேடிப் போனவர்கள். கப்பலில் போவதே இன்பம் என்று போனவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அந்த எண்ணம் வேறிடத்தில் பிறந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆல்பர்ட் பாலின் என்ற கப்பல் நிறுவனத் தலைவருக்கு ஒரு கவலை. குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடக்க ஆள் வருவதில்லை. பெரிய கப்பல் சும்மா நிற்கிறது. 1891 ஜனவரியில் அவர் ‘ஆகஸ்டா விக்டோரியா’ என்ற கப்பலில் வசதி படைத்தோரை ஏற்றி மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்டினார். சும்மா நின்ற கப்பலிலிருந்து ஓர் உல்லாசத் தொழில் பிறந்தது.

சென்னைத் துறைமுகத்திலிருந்து அத்தகைய சொகுசுக் கப்பல் 2022 ஜூன் 4-ஆம் நாள் புறப்பட்டது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். ‘எம்ப்ரஸ்’ என்னும் அந்தக் கப்பல் 1990-இல் பிரான்சில் கட்டப்பட்டது, 211 மீட்டர் நீளம், பதினொரு தளங்கள். 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது. நீச்சல்குளம், நாடக அரங்கு, விருந்து எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. தம்பி இதைக் கேட்டு, “அப்போ கப்பலே ஒரு தீம் பார்க்தானே!” என்றான். பொருத்தமான கருத்து. பூங்காவுக்குள் ‘கொலம்பஸ்’ என்று ஊஞ்சலாடும் கப்பல் இருக்கிறது. கப்பலுக்குள் பூங்கா இருக்கிறது. நம் ஆய்வகத்தில் நூலில் குண்டைக் கட்டி ஆட்டி எண்ணுகிறோமே, அந்த ஊசலின் பெரிய தம்பிதான் கொலம்பஸ்.

அம்மாவின் சாட்சியம்

இதுவரை எந்த அணியிலும் சேராத அம்மா, கப்பல் என்ற சொல் வரும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்வந்தார். காரணம் எங்களுக்குத் தெரியும். முடிச்சூர்க்காரர் எவருக்கும் சொல்லவேண்டியதில்லை.

2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. அடையாறு எங்கள் பகுதியைத் தொட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகிறது. அந்த இரவு அது எங்களைத் தொட்டு நிற்கவில்லை, வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஆறு. பக்கத்து வீட்டு மாடியில் இரவைக் கழித்தோம். மறுநாள் கடலோரத்திலிருந்து லாரியில் கொண்டுவரப்பட்ட மீனவர்களின் பைபர் படகு ஒன்று, பேருந்து போகும் சாலை வழியாக வந்தது. அதில்தான் ஏறினோம். ரேஷன் அட்டையும் என் பள்ளிப் பையும் அம்மாவின் மடியில் இருந்தன. தையல் இயந்திரம் தண்ணீருக்குள் இருந்தது.

“படகு சுகம்னு நீங்க பேசுறீங்க. எனக்குப் படகுன்னா, எங்கே போறோம்னு தெரியாம உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகம்” என்றார் அம்மா. பிறகு சற்றுக் குரலைத் தாழ்த்தி, “அன்னைக்கு அத்தைதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க” என்றார்.

இந்தச் சாட்சியத்துக்குப் பின் எனக்கு ஒன்று விளங்கிற்று. கப்பலும் பூங்காவும் எங்கள் குடும்பத்துக்கு அறிமுகமில்லாதவை அல்ல. கொள்ளுத்தாத்தா கப்பலில் போனார், கூலிக்காகப் போனார். அம்மா படகில் போனார், உயிருக்காகப் போனார். அப்பா பூங்காவில் இருந்தார். கல் சுமந்துகொண்டு இருந்தார். இன்பத்துக்காக என்று டிக்கெட் வாங்கி இரண்டிலுமே நாங்கள் நுழைந்ததில்லை. ஆகவே எங்கள் வீட்டில் எழுந்த வினா ‘எது சிறந்தது?’ என்பதன்று. முப்பதாயிரம் ரூபாய்க்கு ஒருவருடைய ஆசைதான் நிறைவேறும் என்றால், அது யாருடையது?

கணக்கு

சொகுசுக் கப்பலின் கட்டணத்தைத் தம்பி கைப்பேசியில் தேடி ஐந்து தலைக்குப் பெருக்கினான். தொகை லட்சத்தை நெருங்கியது. கப்பல் அணி அத்தோடு தோற்றிருக்கவேண்டும். “சரி விடுங்க, பார்க்குக்கே போலாம். நான் பெஞ்சுல உட்கார்ந்து பையைப் பார்த்துக்கறேன்” என்றார் ஆயா. டிஸ்னி மாற்ற நினைத்த அந்தப் பெஞ்சு எங்கள் ஆயாவுக்காக இன்னும் காத்திருக்கிறது போலும்!

நான் வழக்கை ஒத்திவைத்துவிட்டு வரைபடத்தை எடுத்துக்கொண்டேன். ஆயா கேட்பது நீச்சல்குளமன்று. கரை தெரியாத வட்டம். அதற்கு எவ்வளவு தூரம் போகவேண்டும்? பூமி உருண்டையாக இருப்பதால், ‘h’ மீட்டர் உயரத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பவருக்கு அடிவானம் ஏறத்தாழ 3.57 × √h கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். சிறு கப்பலின் தளத்தில் கண்ணின் உயரம் ஆறு மீட்டர் என்றால் அடிவானம் சுமார் 8.7 கிலோமீட்டர். கரையில் நிற்கும் பத்து மீட்டர் மரத்தின் உச்சிக்கு அதே கணக்குப்படி 11.3 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் இருபது. ஆக, இருபது கிலோமீட்டர் தாண்டினால் மரமும் மறையும்.

முட்டுக்காட்டில் 1984 முதல் இயங்கும் படகுக் குழாம் இதற்கு உதவாது. அங்கே கரை நான்கு பக்கமும் தெரியும். கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் கழகத்தின் படகு பாறைக்குப் போய்த் திரும்பிவிடும். இன்னொரு வேடிக்கை: கப்பல் உயர உயரக் கரை மறைவது தாமதமாகும். முப்பது மீட்டர் உயரத் தளத்தில் நிற்கும் செல்வரின் கண்ணுக்கு, கீழ்த்தளத்தில் பாய் விரித்த கூலிக்காரரின் கண்ணைவிட நெடுநேரம் கரை தெரிந்துகொண்டே இருக்கும். கொள்ளுத்தாத்தா கண்ட வட்டம் கீழே இருந்தவர்களுக்கே முதலில் கிடைத்தது.

தேடியதில் ஒரு வழி கிடைத்தது. ஆயாவின் நாகப்பட்டினத்திலிருந்தே யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல்! 2023 அக்டோபர் 14-ஆம் நாள் தொடங்கி, சில நாட்களில் பருவமழையால் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு அது மறுபடியும் தொடங்கியது. தூரம் சுமார் 110 கிலோமீட்டர். நேரம் ஏறக்குறைய நான்கு மணி. வரைபடத்தில் கோடு இழுத்துப் பார்த்தேன். நாகையிலிருந்து கப்பல் தெற்கே செல்லும்போது கோடியக்கரை வரை நிலம் வலப்பக்கத்தில் கூடவே வருகிறது. அதைத் தாண்டிய பின்புதான் திறந்த கடல். கோடியக்கரை மரங்களும் மறைந்து, காங்கேசன்துறை மரங்களும் தோன்றாத இடைவெளி, என் கணக்குப்படி பதினைந்து கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு அரைமணி நேரம்.

எழுபது ஆண்டு ஆசைக்கு அரைமணி நேரம் போதுமா என்று ஆயாவைக் கேட்டேன். “அரைமணியா! எங்கப்பா சொன்னதைப் பார்க்க அஞ்சு நிமிஷம் போதுமே” என்றார்.

தீர்ப்பு

ஐவரும் கப்பலில் போகப் பணம் போதாது. ஐவரும் நாகப்பட்டினம் போகப் போதும். தாம்பரத்தில் இரவு ரயில் ஏறினால் காலையில் நாகை. மூவர் கடல் கடந்து மறுநாள் திரும்பலாம். மற்ற இருவர் நாகூர் தர்காவையும் வேளாங்கண்ணி மாதா கோயிலையும் சிக்கல் முருகன் கோயிலையும் பார்த்துக் கரையில் காத்திருக்கலாம்.

ஆயாவோடு யார் போவது? படிவம் நிரப்ப நான் போகவேண்டும். மூன்றாவது இடம் அப்பாவுக்கு என்று நினைத்தோம். அம்மா குறுக்கிட்டார்: “நான் போறேன். அன்னைக்கு எங்கே போறோம்னு தெரியாம போனேன். இந்தத் தடவ டிக்கெட் வாங்கிட்டு, ஊர் பேர் தெரிஞ்சு போறேன். அத்தை கையை நான் பிடிச்சுக்கறேன்.” அப்பா தலையசைத்தார். அம்மாவின் அச்சம் போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. அச்சத்தோடே ஏறுவார் என்றுதான் நினைக்கிறேன்.

தோற்ற அணித் தலைவனான தம்பிக்கு நடுவர் என்ன சொல்வது? நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. “தீம் பார்க் எங்கேயும் ஓடிப் போயிடாதுக்கா. அடுத்த சீட்டுல போலாம். ஆனா அப்பா பெஞ்சுல உட்காரக் கூடாது. என்கூட ரைடுல ஏறணும்” என்றான். அப்பா சிரித்தார். பூங்காவின் மதிலுக்குக் கல் சுமந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின், உள்ளே போவதற்கு அவருக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. அம்மா அந்த வாரமே புதுச் சீட்டில் சேர்ந்துவிட்டார்.

பதினாறு வயது காத்திருக்கலாம்; எழுபத்தாறு வயது காத்திருக்க இயலாது. நான் எழுதிய தீர்ப்பு இவ்வளவுதான். இடங்களை எடை போட்டிருந்தால் இன்றுவரை முடிவு கிடைத்திருக்காது. ஏனெனில் கப்பலுக்கும் ஓர் இன்பம் உண்டு, பூங்காவுக்கும் ஓர் இன்பம் உண்டு. ஆட்களை எண்ணிப் பார்த்தபோது ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிட்டது.

ஜனவரியில் தாம்பரம் பாஸ்போர்ட் சேவை மையத்துக்குப் போனோம். ஒருவருக்குக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அறுபது வயதைக் கடந்தவருக்குப் பத்து விழுக்காடு குறைவு. “வயசானதுல இப்படியொரு லாபமா!” என்று ஆயா மகிழ்ந்தார். செங்கல் தூக்கித் தேய்ந்த அவருடைய விரல் ரேகை இயந்திரத்தில் முதல் இரண்டு முறை பதியவில்லை. மூன்றாம் முறை பதிந்தது. தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். நான் எழுதுவதற்குள் அம்மா, “இல்லத்தரசின்னு போடாத, உழைச்சவங்க அவங்க” என்றார்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் நம்மைக் கேட்டிருக்கிறார்கள்: என்ன படிக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய், எப்போது வருவாய் என்று. அவர்களுக்கு எங்கே போக ஆசை என்று கேட்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. கேட்டால் காசியைச் சொல்வார்கள் என்று நினைப்பீர்கள்; எங்கள் ஆயா போலக் கரை தெரியாத கடலைச் சொன்னாலும் சொல்வார்கள். அந்த ஆசை நிறைவேறுமா என்பதைச் சீட்டுப் பணமும் காலமும் முடிவு செய்யட்டும். கேள்வி மட்டும் இந்தக் கோடை விடுமுறையிலேயே கேட்கப்படட்டும்.

இந்த ஆண்டு மலர் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் நாகைக்குப் போய்வந்திருப்போம் என்று நம்புகிறேன். காற்றும் கடலும் இடம் தராவிட்டால் கப்பல் புறப்படாது. அப்படியானால் இன்னும் சில வாரம் காத்திருப்போம். ஆயாவின் பையில் மாற்றுப் புடவை இரண்டு, வெற்றிலைப் பெட்டி ஒன்று, என் கணக்குத் தாள் ஒன்று இருக்கின்றன. எழுத்துக் கூட்டவும் தெரியாதவர் அந்தத் தாளை ஏன் வைத்திருக்கிறார் என்று கேட்டேன். “கப்பல்காரங்க மறந்துட்டா, எந்த இடத்துல கரை மறையும்னு காட்டணும் இல்ல?” என்றார்.